பழைய லாரி என்ஜினுக்கு ஏற்ற ஆயிலைத் தேர்ந்தெடுக்கும் முறை

பழைய லாரி ஒன்றை வாங்கியவர் முதல் முறையாக ஆயில் மாற்றப் போகும்போது, "வண்டி பழசு, கெட்டியான ஆயிலாகப் பார்த்து ஊற்றுங்கள்" என்ற யோசனையைத்தான் பெரும்பாலும் கேட்க நேரிடும். சில என்ஜின்களுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் கடைசியில் எடுக்க வேண்டிய முடிவை அது முதலிலேயே எடுத்துவிடச் சொல்கிறது. என்ஜின் எந்த ஆயிலுக்காக வடிவமைக்கப்பட்டது, எந்த அளவு குளிரில் ஸ்டார்ட் செய்யப்படுகிறது, இன்று அதன் உள்ளே தேய்மானம் எவ்வளவு இருக்கிறது என்ற மூன்றையும் இதே வரிசையில் பார்த்துவிட்டால், பெரும்பாலான சந்தேகங்கள் தாமாகவே தீர்ந்துவிடும்.

முதல் படி: கையேட்டிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள்

கையேட்டில் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: வெளி வெப்பநிலைக்கு ஏற்ற ஆயில் கிரேடுகளைக் காட்டும் அட்டவணை, ஆயிலின் தர வகை, ஃபில்டரையும் சேர்த்து என்ஜின் எத்தனை லிட்டர் கொள்ளும் என்ற அளவு. பழைய லாரிகளில் என்ஜினே ஒரு முறை மாற்றப்பட்டிருப்பது சாதாரணம் என்பதால், வண்டியின் ஆண்டையும் மாடலையும் மட்டும் நம்பிக் கையேட்டைத் தேடாதீர்கள். என்ஜின் பிளாக்கில் உள்ள தகட்டின் எண்ணைத் துடைத்துப் படித்து, அந்த எண்ணுக்கு உரிய கையேட்டையே தேடுங்கள்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. டெட்ராய்ட் டீசல் நிறுவனத்தின் பழைய இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின்கள், எரிந்தால் மிஞ்சும் சாம்பல் குறைந்த, 40 என்ற ஒற்றைக் கிரேடு ஆயிலைக் கேட்பவை. மற்ற லாரிகளுக்கெல்லாம் பொருந்துகிறதே என்று 15டபிள்யூ-40 ஆயிலை அவற்றில் ஊற்றுவது தவறு. தகட்டைப் படிக்காதவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.

இரண்டாம் படி: கிரேடு எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

15டபிள்யூ-40 என்பதில் 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன் உள்ள எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக நகரும் என்பதையும், பின்னால் உள்ள எண் என்ஜின் சூடான பிறகு அதன் பாகுத்தன்மை எவ்வளவு என்பதையும் சொல்கின்றன. முன் எண் சிறியதாக இருந்தால், கடுங்குளிரிலும் என்ஜின் எளிதாகச் சுழலும். 15டபிள்யூ ஆயில் ஸ்டார்ட்டிங் சோதனையில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் தேற வேண்டும்; 10டபிள்யூ மைனஸ் 25 டிகிரியிலும், 5டபிள்யூ மைனஸ் 30 டிகிரியிலும் தேற வேண்டும். பின் எண் 40 என்றால், 100 டிகிரியில் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும். 30 கிரேடு அதற்குக் கீழேயும், 50 கிரேடு அதற்கு மேலேயும் அமையும்.

இங்கே பலர் ஒரு தவறான எண்ணத்தை வளர்த்துக்கொள்கிறார்கள். 15டபிள்யூ-40 போல இரண்டு எண்கள் கொண்ட மல்டிகிரேடு ஆயில் சூடானால் கெட்டியாகும் என்பது உண்மையல்ல. எந்த ஆயிலும் சூடாகும்போது இளகவே செய்யும். மல்டிகிரேடு ஆயில் மற்றவற்றைவிடக் குறைவாக இளகுகிறது, அவ்வளவுதான். அதில் கலந்துள்ள பாலிமர்கள்தாம் அதற்கு உதவுகின்றன. நாளடைவில் இந்தப் பாலிமர்கள் பல்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் இடையே நசுங்கி அறுபடுவதால், ஆயில் தன் கிரேடுக்கும் கீழே இளகிவிடக்கூடும். ஆயிலைக் குறித்த காலத்தில் மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் படி: தர வகையைப் பொருத்துங்கள்

கிரேடு சரியாக இருந்தாலும் தர வகை தவறினால் என்ஜினுக்குத் தீங்குதான். புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடமும் இதுவே. ஆயில் டப்பாவின் பின்புறம் உள்ள வட்ட முத்திரையின் மேற்பகுதியில், அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ வகை அச்சிடப்பட்டிருக்கும். 'எஸ்' என்ற எழுத்தில் தொடங்குபவை பெட்ரோல் என்ஜினுக்கும், 'சி' என்ற எழுத்தில் தொடங்குபவை டீசல் என்ஜினுக்கும் உரியவை. சிஎஃப்-4 1990-இலும், சிஎச்-4 1998-இலும், சிஐ-4 2002-இலும், சிஜே-4 2006-இலும், சிகே-4 2016-இலும் வந்தன. சிஎச்-4, சிஐ-4, சிஜே-4 ஆகியவற்றைக் கேட்ட என்ஜின்களில் சிகே-4 ஆயிலையும் பயன்படுத்தலாம். இன்னும் பழைய வகை ஒன்றைக் கையேடு சொன்னால், அதற்குப் பதிலாக இன்று எதை ஊற்றலாம் என்று என்ஜின் தயாரிப்பாளர் தந்துள்ள பரிந்துரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகே-4 அறிமுகமானபோதே எஃப்ஏ-4 என்ற இன்னொரு வகையும் வந்தது. இரண்டும் ஒரே காலத்தவை என்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்துவிட வேண்டாம். எஃப்ஏ-4 எரிபொருளைச் சேமிக்கும் நோக்கில் புதிய என்ஜின்களுக்காக மெல்லிதாகச் செய்யப்பட்டது; 150 டிகிரி வெப்பத்தில் கடும் உராய்வுக்கு உள்ளாகும்போது அது தாங்கி நிற்கும் ஆயில் படலம் சிகே-4 தருவதைவிட மெல்லியது. பழைய லாரிக்கு அதை ஊற்றவே கூடாது.

சிஜே-4 முதலாக வந்த வகைகளில், புகைபோக்கியில் உள்ள துகள் வடிகட்டி அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சாம்பல் அளவு 1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. உங்கள் பழைய என்ஜினில் அந்த வடிகட்டி இல்லையென்றால், சாம்பலைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. குறிப்பாக, கந்தகம் மிகுந்த டீசலில் வண்டி ஓடுகிறது என்றால், எரிதலில் உண்டாகும் அமிலத்தை முறிக்கும் காரச்சத்து ஆயிலில் நிறைய இருக்க வேண்டும். அந்த நிலையில் காரச்சத்து எண் உயர்ந்த சிஐ-4 ஆயிலைத்தான் நான் விரும்புவேன்.

பெட்ரோலில் ஓடும் பழைய லாரிக்கு வேறு ஒரு கவலை உண்டு. அவற்றில் பலவற்றில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், அந்த அசைவை வால்வுக்குக் கடத்தும் டாப்பெட்டை உரசியே இயங்கும்; அந்த டாப்பெட் ரோலர் இல்லாத தட்டையான வகை. அந்த உரசலிலிருந்து இரண்டையும் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றியைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், 2004-இல் வந்த எஸ்எம் வகையில், 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்கு அதன் அளவு 0.08 சதவீதம் வரையே அனுமதிக்கப்பட்டது. டீசலுக்கான சிகே-4 வகையில் 0.12 சதவீதம் வரை இருக்கலாம். எனவே வினையூக்கி மாற்றி இல்லாத பழைய பெட்ரோல் என்ஜினுக்கு, சிஐ-4 உடன் பெட்ரோலுக்கான எஸ்எல் என்பதையும் சேர்த்து அச்சிட்ட இரட்டைத் தர ஆயில் நல்ல தேர்வாக அமையும்.

நான்காம் படி: என்ஜினின் இன்றைய நிலையைச் சோதியுங்கள்

இப்போதுதான் தேய்மானத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். டீசல் என்ஜினில் ஆயில் மாற்றிய சில நாள்களிலேயே கறுத்துப்போவதைக் கண்டு கலங்க வேண்டாம். கரியைத் தன்னுள் தாங்கி வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. ஆனால் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. அளவு தானாக ஏறி, டீசல் வாடை அடித்தால், இன்ஜெக்டர் அல்லது பம்ப் வழியாக எரிபொருள் கசிந்து ஆயிலை இளக்கிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு நிலைகளிலும் எந்தக் கிரேடு ஆயிலும் உதவாது. முதலில் பழுதை நீக்குங்கள்.

அடுத்து, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷரைப் பாருங்கள். டாஷ்போர்டில் உள்ள பழைய கேஜ் பொய் சொல்லக்கூடும் என்பதால், மெக்கானிக் ஒருவரிடம் தனிக் கேஜ் பொருத்திச் சோதிக்கச் செய்வது நல்லது. நிமிடத்துக்கு 1000 சுற்றுக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது நெடுநாளாக வழங்கிவரும் தோராயக் கணக்கு. கையேடு தரும் எண் வேறாக இருந்தால் அதுவே இறுதியானது.

சூடான நிலையில் பிரஷர் கீழ் எல்லையை ஒட்டியே நிற்கிறது, ஆயிலில் எரிபொருள் கலக்கவில்லை, உறைபனிக் குளிரில் வண்டியை எடுப்பதில்லை, கையேட்டு அட்டவணையும் இடம் தருகிறது என்ற நான்கும் பொருந்தினால், 15டபிள்யூ-40-இலிருந்து 20டபிள்யூ-50-க்கு ஒரு படி ஏறலாம். அதற்கு மேல் போக வேண்டாம். அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயில், குளிர்ந்த ஸ்டார்ட்டில் என்ஜினின் மேற்பகுதியைச் சென்றடையத் தாமதிக்கும். ஃபில்டரில் உள்ள பைபாஸ் வால்வைத் திறந்து வடிகட்டப்படாமலே ஓடும். பம்பின் ரிலீஃப் வால்வ் திறந்துகொள்வதால் ஒரு பகுதி பேரிங்குகளுக்குப் போகாமல், என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்கே திரும்பிவிடும். அந்த நேரத்தில் கேஜில் முள் உயர்ந்து நிற்பதைப் பார்த்து என்ஜின் குணமாகிவிட்டது என்று நம்புவதுதான் மிகவும் ஆபத்தானது.

ஐந்தாம் படி: மினரலா, சிந்தெடிக்கா

சிந்தெடிக் ஆயில் கடுங்குளிரிலும் கடும் வெப்பத்திலும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அது பழைய ஆயில் சீல்களைத் தின்றுவிடும் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. காய்ந்து சுருங்கிய சீலை அடைத்துக்கொண்டிருந்த கசடு கரையும்போது, ஏற்கெனவே இருந்த கசிவுதான் வெளியே தெரிகிறது. ஆயினும் ஆயிலை எரித்துக் குடிக்கும் என்ஜினுக்கு அடிக்கடி டாப்-அப் செய்ய வேண்டியிருப்பதால், தர வகை பொருந்திய நல்ல மினரல் ஆயிலே போதுமானது.

ஆறாம் படி: மாற்றிய பிறகு கவனியுங்கள்

ஆயிலை என்ஜின் சூடாக இருக்கும்போது வடியுங்கள், கையைச் சுட்டுவிடாமல் கவனமாக. ஃபில்டரையும் உடன் மாற்றி, அதன் ரப்பர் வளையத்தில் புதிய ஆயிலைத் தடவிப் பொருத்துங்கள். வடித்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், பழைய ஆயிலைச் சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள். முதல் 1000 கிலோமீட்டர் வரை ஒவ்வொரு நாளும் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கம்பியின் அளவையும், சூடான பிறகு பிரஷரையும், ஊற்றிய டாப்-அப் அளவையும் ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். அடுத்த முறை ஆயில் வடிக்கும்போது, வடியும் ஆயில் ஓட்டத்தின் நடுவே சுத்தமான புட்டியில் சிறிதளவு பிடித்து ஆய்வுக்கு அனுப்பினால், இரும்பு சிலிண்டர் தேய்மானத்தையும், ஈயமும் செம்பும் பேரிங் தேய்மானத்தையும், சிலிக்கான் ஏர் ஃபில்டர் வழியே புகும் தூசியையும் காட்டிக்கொடுக்கும். அந்த எண்களையும் உங்கள் நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தே கிரேடைத் தொடர்வதா, மாற்றுவதா என்று தீர்மானியுங்கள்.