நாம வளர்ந்த தெருவோட பழைய போட்டோக்களைத் தேடி எடுத்து எல்லாரோடயும் பகிர்றது எப்படி

தெருவைத் தெருவுக்காகவே யாரும் போட்டோ எடுத்து வெச்சிருக்க மாட்டாங்க. பிறந்தநாள், புது சைக்கிள், ஊர்லேர்ந்து வந்த சொந்தக்காரங்கன்னு ஆளுங்களைத்தான் எடுத்தாங்க, தெரு பின்னாடி தானா வந்து விழுந்துருக்கு. அதனால ஆல்பத்தைத் திறந்ததும் முதல் வேலை, முகங்களை விட்டுட்டு முகங்களுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பாக்குறதுதான். "எங்க தெரு போட்டோ எங்கிட்ட ஒண்ணுகூட இல்லயே"ன்னு சொல்றவங்க வீட்டு ஆல்பத்துலயே பாதி தெரு இருக்கும், நம்புங்க.

ஒரு பையன் புது சைக்கிள்ல ஒரு காலை ஊனிக்கிட்டு நிக்கிற படம்னு வெச்சுக்கோங்க. அவன் தோளுக்கு மேல பாத்தா எதிர்வீட்டுக் கதவு பாதி தெரியுது, அதுல பெயிண்ட்ல எழுதின வீட்டு நம்பர், வலது ஓரத்துல ஒரு கடை போர்டோட கடைசி ரெண்டு எழுத்து, தரையில ஒரு மரத்தோட நிழல், ஆனா மரம் படத்துல இல்ல. அந்த மரத்தை எப்பவோ வெட்டியிருப்பாங்க, ஆனாலும் அது எங்க நின்னுச்சுன்னு அந்த நிழல் சொல்லிடும். இதனாலதான் நான் எல்லார்கிட்டயும் கெஞ்சிக் கேக்குறது, தயவுசெஞ்சு க்ராப் பண்ணாதீங்க. முகம் பெருசா தெரியட்டும்னு ஓரத்தை வெட்டினா தெருதான் போகும்.

ஆல்பத்துலேர்ந்து படத்தை எடுக்குறப்போ பொறுமை வேணும். பக்கம் முழுக்க பசை தடவி மேல பிளாஸ்டிக் ஷீட் ஒட்டின ஆல்பம் இருக்கே, அதுல படம் வருஷக்கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்கும், நகத்தால ஓரத்தைத் தூக்கி இழுத்தா வளைஞ்சு வெடிச்சுடும். மெழுகு தடவாத டென்டல் ஃப்ளாஸை படத்துக்கும் அட்டைக்கும் நடுவுல விட்டு ரம்பம் இழுக்குற மாதிரி மெதுவா ரெண்டு பக்கமும் இழுத்தா பெரும்பாலும் வந்துரும், வரலைன்னா வம்பு பண்ணாம பக்கத்தோடயே ஸ்கேன் பண்ணிடுங்க. ஃப்ரேம் கண்ணாடில ஒட்டிப்போன படமும் அப்படித்தான், பிரிக்கப் பாத்தா படத்தோட மேல்தோல் கண்ணாடியோட போயிரும், கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணுங்க.

ஸ்கேனுக்கு 600 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கிற கணக்கு) வைங்க. 4க்கு 6 இன்ச் பிரிண்ட்டுக்கு அது 2400க்கு 3600 பிக்சல் குடுக்கும், பின்னாடி இருக்குற போர்டைப் பெருசு பண்ணிப் படிக்க அது போதும். தீப்பெட்டி சைஸ் படம்னா 1200. ஸ்கேனர் சாஃப்ட்வேர்ல ஆட்டோ க்ராப், ஆட்டோ கலர் எல்லாத்தையும் அணைச்சுடுங்க, வெள்ளை பார்டரும் சேர்ந்து வரணும், படத்தோட பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணணும். மூல காப்பிய டிஃப் (TIFF, தரம் குறையாம சேமிக்கிற வகை) ஃபைலா வெச்சுக்கிட்டு, பகிர்றதுக்கு மட்டும் ஜேபெக் (JPEG, சைஸ் சின்னதா இருக்குற வகை) எடுத்துக்கலாம். ஸ்கேனர் இல்லன்னா போன் போதும், ஜன்னல் பக்கத்துல வெச்சு, ஃபிளாஷ் இல்லாம, போனை படத்துக்கு நேரா பிடிச்சு எடுங்க. பளபளப்பு பேப்பர்ல வெளிச்சம் அடிச்சா கூகுளோட போட்டோஸ்கேன் ஆப் நாலு மூலைலேர்ந்தும் எடுத்துச் சேர்த்து அந்த வெளிச்சத்தை எடுத்துடும்.

நெகட்டிவ் இருந்தா அதை முதல்ல தேடுங்க. ஸ்டுடியோ மெஷின்ல பிரிண்ட் போடுறப்போ நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்படும், நெகட்டிவ்ல அந்த ஓரம் பத்திரமா இருக்கும், அந்த ஓரத்துலதான் சிலசமயம் பக்கத்து வீட்டு வாசலே இருக்கு. 35 எம்எம் நெகட்டிவ்ல ஒரு ஃப்ரேம் 36க்கு 24 மில்லிமீட்டர்தான், அதனால 600 டிபிஐ பத்தாது, 3000 கிட்ட வேணும். வீட்ல அந்த வசதி இல்லன்னா ஒரு நல்ல லேப்ல குடுங்க, இதுக்கு மட்டும் காசு செலவு பண்ணலாம்.

அடுத்தது வருஷம் கண்டுபிடிக்கிறது, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது. சில பழைய பிரிண்ட்டோட வெள்ளை பார்டர்லயே மாசமும் வருஷமும் பிரிண்ட் ஆகியிருக்கும், ஆனா அது பிரிண்ட் போட்ட மாசம், ஃபிலிம் ரோல் கேமராக்குள்ளயே மாசக்கணக்கா கிடந்திருக்கலாம். படத்தோட மூலைல ஆரஞ்சு கலர்ல இருக்குற தேதியையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க, பேட்டரி மாத்தினப்புறம் தேதி செட் பண்ணாம விட்டவங்கதான் அதிகம். சதுரமான கலர் பிரிண்ட்னா 126 கார்ட்ரிட்ஜ் கேமராவா (ஃபிலிமை ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடயே உள்ள போடுற வகை) இருக்க வாய்ப்பு உண்டு, அந்த வகைல முதல்ல வந்த கோடக் இன்ஸ்டமேட்டிக் வந்தது 1963ல, அதனால அதுக்கு முன்னாடி இருக்காது (120ங்கிற அகலமான ரோல் ஃபிலிம் போடுற சில கேமராவும் சதுரமா எடுக்கும், சைஸைப் பாத்து முடிவு பண்ணுங்க). அப்புறம் படத்துக்குள்ள தேடுங்க, நிக்கிற கார் மாடல், சுவத்துல சினிமா போஸ்டர், மாடில ஆன்டெனாவா டிஷ்ஷா. ஒவ்வொண்ணும் "இந்த வருஷத்துக்கு முன்னாடி இருக்க முடியாது"ன்னு ஒரு கோடு போடும். படத்துல இருக்குற குழந்தையோட வயசு தெரிஞ்சா இன்னொரு பக்கத்துலேர்ந்தும் நெருக்கலாம். கடைசில 1978லேர்ந்து 1980க்குள்ளன்னு வந்தா அப்படியே எழுதுங்க, அழகுக்காக ஒரே வருஷமாக்காதீங்க.

இப்போ ஞாபகங்கள். பெரியவங்ககிட்ட போய் "அந்தக் காலத்துல தெரு எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு"ன்னுதான் வரும். அப்படிக் கேக்காம ஒரு படத்தைக் கையில குடுத்துட்டு, போன்ல ரெக்கார்டிங் போடலாமான்னு கேட்டுட்டு, அப்புறம் நாம வாயைத் திறக்காம இருக்கணும். அவங்க பாத்துக்கிட்டே இருக்கும்போது தானா விரல் ஒரு இடத்துல போய் நிக்கும், "இந்தத் திண்ணைல யாரு உக்காந்திருப்பா தெரியுமா"ன்னு ஆரம்பிப்பாங்க. அப்பவும் சின்னச் சின்னதாவே கேளுங்க, தெரு விளக்கு எந்த வீட்டு முன்னாடி இருந்துச்சு, மழை பெஞ்சா தண்ணி எங்க நிக்கும், பந்து யார் வீட்டுக்குள்ள விழுந்தா திரும்ப வராது. நீங்களும் ஒரு வெள்ளைத்தாள்ல தெருவோட மேப்பை ஞாபகத்துலேர்ந்து வரைஞ்சு, தெருமுனைலேர்ந்து ஒவ்வொரு வாசலா எழுதிட்டு வாங்க, எங்க தடுமாறுதோ அங்க கேள்விக்குறி போடுங்க. அந்த மேப்பை இன்னொருத்தர்கிட்ட காட்டினா அவங்க உடனே "இது தப்பு"ன்னு பேனாவை வாங்குவாங்க, அதுதான் நமக்கு வேணும்.

ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னா சண்டைய தீக்க வேண்டாம். ரெண்டையும் எழுதி யார் சொன்னாங்கன்னும் போடுங்க. கேப்ஷன்ல தெரிஞ்சது, கேட்டது, ஊகிச்சது மூணும் தனித்தனியா தெரியணும். ஃபைல் பேர்லயே சுமாரான வருஷத்தை முதல்ல வைங்க, ஏன்னா ஸ்கேன் பண்ண ஃபைல்ல கம்ப்யூட்டர் காட்டுற தேதி ஸ்கேன் பண்ண நாள்தான், எடுத்த நாள் இல்ல.

இப்போ அங்க போய் அதே இடத்துல நின்னு எடுக்க ஆசைன்னா, பழைய படத்துல கிட்ட இருக்குற ஒண்ணையும் தூரத்துல இருக்குற ஒண்ணையும் பிடிச்சுக்கோங்க, உதாரணமா ஒரு கம்பமும் அதுக்குப் பின்னாடி தெரியுற மாடி மூலையும். ரெண்டும் பழைய படத்துல எப்படி ஒண்ணுமேல ஒண்ணு விழுதோ அப்படி விழுற வரைக்கும் இடம் வலமா நகருங்க, சரியான இடம் கிடைச்சுடும். நேர்ல போக முடியாதவங்க கூகுள் ஸ்ட்ரீட் வியூ பாருங்க, அது 2007ல வந்தது, 2014லேர்ந்து பழைய வருஷப் படங்களையும் பாக்க விடுறாங்க, வீடு இடிச்சு அப்பார்ட்மென்ட் ஆன நடு வருஷங்கள் சில தெருவுக்கு அதுல கிடைக்குது.

பகிர்றப்போ சில விஷயம் கட்டாயம். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா சைஸ் குறைஞ்சு போர்டு எழுத்தெல்லாம் கரைஞ்சுடும், டாக்குமெண்டா அனுப்புங்க. போன் கேமரால காப்பி எடுத்திருந்தா லொகேஷன் ஆன்ல இருந்துச்சான்னு பாருங்க, ஏன்னா அந்த ஃபைலுக்குள்ள பதியுறது பழைய தெரு இல்ல, நீங்க இப்ப இருக்குற வீடு. "நீங்க வளர்ந்த தெரு பேர் என்ன"ங்கிறது பாஸ்வேர்ட் மறந்தா கேக்குற கேள்விகள்ல ஒண்ணு, அந்தப் பதிலை எங்கயாவது வெச்சிருந்தா முதல்ல மாத்திடுங்க. படத்துல இருக்குறவங்க உயிரோட இருந்தா ஒரு வார்த்தை கேளுங்க. ஸ்டுடியோக்காரர் எடுத்த படம்னா காப்பிரைட் யார்கிட்ட இருக்குங்கிறது நாட்டுக்கு நாடு மாறும் (இந்தியால வேற ஒப்பந்தம் இல்லன்னா, காசு குடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான்), பிரிண்ட் நம்ம கையில இருக்குங்கிறதுக்காக மட்டும் உரிமை நமக்கு வந்துராது.

இன்னொண்ணு, ஏஐ வெச்சு கலர் போடுறது, மங்கலைத் தெளிவாக்குறது. அது தெரியாத இடத்தை இட்டுக்கட்டி நிரப்புது, போர்டுல இல்லாத எழுத்தை எழுதிடுது, பக்கத்து வீட்டு ஆயாவுக்கு வேற யாரோட முகத்தையோ வெச்சுடுது. அப்படிப் பண்ணி போட்டா அதைச் சொல்லிட்டு பக்கத்துலயே அசலையும் போடுங்க.

பிரிண்ட்டுகளைத் திரும்ப வைக்கும்போது பிவிசி கவர் வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் இல்லன்னா பாலியஸ்டர் கவர்ல, ஈரமும் வெயிலும் படாத அலமாரில வைங்க. ஸ்கேன் ஃபைலுக்கு ரெண்டு காப்பி, அதுல ஒண்ணு வேற ஊர்ல இருக்குற யார்கிட்டயாவது. உள்ளூர் நூலகமோ ஆவணக் காப்பகமோ வாங்கிக்க தயாரா இருந்தா அவங்களுக்கும் குடுக்கலாம், யார் எடுத்தது, யார் சம்மதம் குடுத்தாங்கன்னு பெரும்பாலும் எழுத்துல கேப்பாங்க, அதனால படம் குடுத்த ஒவ்வொருத்தர்கிட்டயும் வாங்குற அன்னிக்கே ஒரு மெசேஜாவது எழுதி வாங்கி வெச்சுக்கோங்க.