பூத்ததும் அறுங்கள்: மாட்டுக்குத் தட்டைப்பயறு

சேரன்மகாதேவிப் பக்கம் பிசானப் பருவ நெல்லை அறுத்துவிட்டால், ஜூனில் கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் வரும்வரை பாதி வயல் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில், கிணற்றை நம்பி, பத்து சென்ட்டில் தீவனத் தட்டைப்பயறு போடுகிறேன். எனக்கு இரண்டு கறவை மாடுகள். அவற்றுக்கு அது போதும்.

கோ 5 அல்லது கோ (எஃப்.சி.) 8 ரக விதை வாங்குங்கள். ஏக்கருக்கு 16 கிலோ என்பது கணக்கு. பத்து சென்ட்டுக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். சொளகில் விதையைக் கொட்டி, ஆறிய கஞ்சி தெளித்து, ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைத் தூவிப் பிசறினால், பயறு கரி பூசியதுபோல் ஆகிவிடும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். பார் பிடித்து, பாருக்குப் பார் ஓர் அடி, செடிக்குச் செடி அரை அடி. விதைத்ததும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு வாரம் ஒன்று. தண்ணீர் தேங்கினால் செடி மஞ்சளாகிவிடும்.

முப்பதாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகும் மிளகுமாக முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அவை காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன என்று பொருள். யூரியாவை மறந்துவிடலாம்.

எல்லாரும் தவறுவது அறுவடையில்தான். விதைத்த 50, 55 நாளில் பாதிச் செடி பூத்திருக்கும். அப்போது அறுக்க வேண்டும். "காயையும் பறித்துக்கொண்டு அறுக்கலாமே" என்று என் வீட்டுக்காரர் ஒரு வருடம் பொறுத்திருந்தார். இலை உதிர்ந்து, தண்டு நாராகிவிட்டது. மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு வைக்கோல் படப்பைத் திரும்பிப் பார்த்தன. மொத்தத்தையும் ஒரே நாளில் விதைத்தால் மொத்தமும் ஒரே நாளில் பூக்கும். ஆகவே மூன்றாகப் பிரித்து, பத்து நாள் இடைவெளியில் விதைக்கிறேன். அசுவினிப் பூச்சி ஏறினால் மருந்து அடிப்பதில்லை. அந்தப் பாத்தியை முன்னதாகவே அறுத்துவிடுவேன்.

அறுத்ததை அப்படியே அள்ளிப் போடாதீர்கள். ஒருநாள் விடியற்காலையில் பனி ஈரத்தோடு வெறும் பயற்றங்கொடியாகப் போட்டேன். பத்து மணிக்குள் பசுவின் வயிறு உப்பி, இடது விலாவுக்குப் பின்னுள்ள குழி மேடாகிவிட்டது. தட்டினால் மேளம்போல் ஒலித்தது. கால்நடை மருத்துவர் வரும்வரை எனக்கு உயிரே இல்லை. இப்போது வெயில் ஏறியபின் அறுத்து, இரண்டு மணி நேரம் வாடவிட்டு, முதலில் வைக்கோல் தின்னக் கொடுத்துவிட்டு, மூன்று பங்கு சோளத்தட்டைக்கு ஒரு பங்கு கொடி என்று நறுக்கிக் கலந்து வைக்கிறேன். புதிதாகப் பழக்கும்போது முதல் வாரம் ஒரு கைப்பிடிதான்.

கடைசிப் பாத்தியில் இரண்டு வரிசையை மட்டும் விதைக்கென்று விட்டுவைப்பேன். மாமியார் கூட்டுக்குப் பறித்தது போக மிஞ்சுவதுதான் அடுத்த மாசி விதைப்புக்கு.