தொண்ணூறுகளின் ஆல்டர்னேட்டிவ் ராக்: ஆல்பங்களுக்குள் நுழையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வழக்கமான ராக் இசைக்கு மாற்றாக வந்த ஆல்டர்னேட்டிவ் ராக்கைப் புதிதாகக் கேட்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரு ஹிட் பாடல் பிளேலிஸ்ட்டில் தொடங்குகிறார்கள். நிர்வாணாவில் ஒன்று, பேர்ல் ஜாமில் ஒன்று, ரேடியோஹெட்டில் ஒன்று என்று கலந்து கேட்டால் எல்லாமே ஒரே இரைச்சலாகத் தோன்றும். இந்தக் குழுக்கள் எந்தப் பாட்டுக்குப் பின் எது வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அடுக்கியவர்கள். ஷஃபிளை அணைத்துவிட்டு ஒரே ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள்.

அடுத்த தவறு, அமெரிக்க நகரமான சியாட்டிலைத் தாண்டாமல் இருப்பது. கரடுமுரடான கிட்டார் ஒலி கொண்ட கிரஞ்ச் என்ற ராக் வகை அந்த ஊரில் வளர்ந்தது உண்மைதான். ஆனால் ஊரைப் பிடித்துக்கொண்டு போவதைவிட, ஒலிப்பதிவு செய்தவரைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தெளிவாகத் தெரியும். பாஸ்டன் நகரத்துக் குழுவான பிக்ஸீஸின் 'சர்ஃபர் ரோசா'வை (1988) பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி. அந்த ஒலியில் மனதைப் பறிகொடுத்த நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன், தன் குழுவின் 'இன் யூட்டெரோ'வுக்கு (1993) அவரையே அழைத்தார். மினசோட்டாவில் உள்ள பேக்கிடெர்ம் ஸ்டூடியோவில் வேலை நடந்தது. அதற்குச் சில மாதம் முன்புதான் இங்கிலாந்திலிருந்து வந்த பிஜே ஹார்வி, அதே இடத்தில் அதே அல்பினியிடம் 'ரிட் ஆஃப் மீ'யைப் பதிவு செய்திருந்தார். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். டிரம்ஸ் அடிக்கும் அறையின் அளவுகூடக் காதில் விழும். பிறகு நிர்வாணாவின் முந்தைய ஆல்பமான 'நெவர்மைண்ட்' (1991) கேட்டால், அதன் மெருகு எவ்வளவு என்பது தானாகவே புரியும். அந்த மெருகு கூடிப்போனதாகக் கோபேனே பின்னாளில் வருத்தப்பட்டார்.

'ரிட் ஆஃப் மீ' கேட்கும்போது எல்லோரும் செய்யும் ஒரு காரியம் உண்டு. முதல் பாட்டு முணுமுணுப்பாகத் தொடங்குகிறது; உடனே சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள். ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றாகப் பாயும்போது பதறிப்போய்க் குறைக்கிறார்கள். அந்த மேடுபள்ளம்தான் பாட்டே. உரத்த பகுதி காதுக்குத் தாங்கும் அளவில் சத்தத்தை வைத்துவிட்டு, மெல்லிய பகுதியைக் காது கொடுத்துக் கேளுங்கள். பஸ்ஸில் கேட்க இது ஆகாது. இரவில், வீடு அடங்கிய பிறகு ஹெட்போனில் கேளுங்கள்.

பாடல் வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்பதும் சில ஆல்பங்களுக்கு ஒத்துவராது. மை பிளடி வாலன்டைனின் 'லவ்லெஸ்' (1991) ஆல்பத்தில் குரலை வேண்டுமென்றே கிட்டாருக்குள் புதைத்திருக்கிறார்கள். அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ், சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ கைப்பிடியைப் பிடித்தபடியே வாசிப்பதால் சுருதி அலைந்துகொண்டே இருக்கும். சொல்லைத் தேடாமல் அந்த அசைவைப் பின்தொடர்ந்தால் போதும்.

கலைஞரின் வாழ்க்கைக் கதையைப் பாட்டின் மேல் ஏற்றுவது எனக்கு மிகவும் வலிக்கும் தவறு. கோர்ட்னி லவ்வின் ஹோல் குழு தந்த 'லிவ் த்ரூ திஸ்' 1994 ஏப்ரலில், அவர் கணவர் கோபேன் இறந்த சில நாட்களிலேயே வெளிவந்தது. அதனால் அதை இரங்கல் ஆல்பமாகக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பதிவு நடந்ததோ 1993-ல். பெண் உடல், தாய்மை, கோபம் என்று அது தனக்கான விஷயங்களைத்தான் பேசுகிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஸ்ட்ரீமிங்கில் 'இன் யூட்டெரோ'வுக்கு 2013-ல் செய்த புது மிக்ஸும் (பழைய பதிவின் ஒலிகளை மறுபடி கலந்து அமைத்தது) கிடைக்கும். முதலில் 1993 பதிப்பைக் கேளுங்கள். இரண்டு வாரம் பழகிய பிறகு மற்றதற்குப் போகலாம்.