பாதுகாப்பான சாலை கேட்டு மனு எழுதும்போது சறுக்கும் இடங்கள்

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் 'எங்கள் பகுதிக்குப் பாதுகாப்பான சாலை வேண்டும்' என்று மனு கொடுக்கிறோம். 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வருகிறது. அதிகாரியைத் திட்டுவதற்கு முன் மனுவை ஒருமுறை படித்துப் பாருங்கள். எந்த இடம், என்ன குறை, யார் சரிசெய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது.

சாலை யாருடையது என்று பார்க்காமல் எழுதுவதுதான் முதல் தவறு. கோவையில் அவிநாசி சாலை நெடுஞ்சாலைத்துறையிடம் இருக்கிறது. அதில் வந்து சேரும் தெருக்கள் மாநகராட்சியிடம். ஐயம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் செலுத்திக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்தது, அளக்காமல் புலம்புவது. 'நடைபாதை மோசம்' என்ற வரியை எந்தப் பொறியாளரும் புரட்டிப் போட்டுவிடுவார். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் கழகத்தின் (IRC) நெறிமுறைப்படி நடப்பதற்குத் தடையின்றி 1.8 மீட்டர் அகலம் வேண்டும். நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். மின்மாற்றிக்கும் மதில்சுவருக்கும் நடுவே 60 சென்டிமீட்டர்தான் மிஞ்சுகிறது என்றால், டேப் தெரியும்படி படமெடுத்து இணையுங்கள். கூடவே, நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் ஒரு வரியில் சேருங்கள். அது 2012இல் நம் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கு. ஊர்க்காரர் வாங்கித் தந்த ஆயுதத்தை ஊரே எடுக்காவிட்டால் எப்படி?

விபத்து நடந்த மறுநாள் மறியல் செய்து வேகத்தடை கேட்பது இன்னொன்று. இரவோடு இரவாகக் கொட்டும் தார் மேட்டில் பின்னிருக்கைப் பாட்டிதான் முதலில் விழுவார். 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ உள்ள விபத்து ஐந்து, அல்லது பத்து மரணம் என்றால் அது 'கரும்புள்ளி', அதாவது விபத்து அதிகம் நடக்கும் இடம். அந்தக் கணக்கைக் காவல்துறையிடம் வாங்கி மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் கொடுங்கள்.

மேம்பாலம் கேட்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவிநாசி சாலையில் பத்து கிலோமீட்டர் நீளத்தில் ஒன்று 2025இல் திறந்தாகிவிட்டது. கீழே பஸ்ஸுக்காகச் சாலையைக் கடப்பவருக்கு அதனால் என்ன?

தள்ளுவண்டியை விரட்டச் சொல்வதும் வீண். இளநீர்க் கடை போன இடத்தில் மறுநாளே நான்கு பைக் நிற்கும். 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அமைந்த நகர விற்பனைக் குழுவிடம் இடம் ஒதுக்கக் கேட்டால், கடைக்காரரும் உங்கள் மனுவில் கையெழுத்துப் போடுவார்.

கையெழுத்து என்றதும் ஒன்று. குடியிருப்போர் சங்கக் கூட்டம் ஞாயிறு காலையில், கார் வைத்திருப்பவர்களோடு முடிந்துவிடுகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி விட்டு இருட்டில் நடந்து வரும் பெண்களை அங்கே பார்க்க முடியாது. காகிதத்தை எடுத்துக்கொண்டு, ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் போங்கள்.