செட்டிநாட்டில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தேடுபவர்களுக்கு

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் குடிவருபவர்கள் பக்கவாதம் வந்த ஆச்சிக்கோ, பென்சில் பிடிக்கத் திணறும் பிள்ளைக்கோ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைத் தேடும்போது, மருத்துவமனையில் ‘ஓ.டி. எங்கே?’ என்று சுருக்கிக் கேட்காதீர்கள். ஆபரேஷன் தியேட்டருக்குக் கை காட்டுவார்கள். முழுப்பெயர் சொன்னாலும் பிசியோதெரபிக்கே அனுப்பிவிடுவது உண்டு. பிசியோ தோளையும் காலையும் வலுவாக்குவார்; அந்தக் கையால் சோறு பிசையவும், சட்டைப் பொத்தான் போடவும், கழிப்பறையில் உட்கார்ந்து எழவும் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் வேலை.

பெயர்ப்பலகையை நம்பித் தெருத்தெருவாகத் தேடுவது வீண். பிள்ளைக்கு என்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கேளுங்கள். 18 வயது வரை பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு, பார்த்துவரும் நரம்பியல் மருத்துவரிடமே பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு மதுரையிலோ திருச்சியிலோ தேடுவதுதான் நடைமுறை.

ஆள் கிடைத்ததும் பட்டத்தைப் பாருங்கள். ஆக்குபேஷனல் தெரபியில் இளநிலைப் பட்டமோ (பி.ஓ.டி.) முதுநிலைப் பட்டமோ (எம்.ஓ.டி.) இருக்க வேண்டும், சில மாதச் சான்றிதழ் போதாது. இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) எண்ணைக் காட்டினால் குழம்ப வேண்டாம், அது சிறப்புக் கல்வியாளர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றோருக்கான பதிவு. ஆக்குபேஷனல் தெரபி 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வருகிறது. 1952 முதல் இயங்கும் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் சங்கத்தில் உறுப்பினரா என்றும் கேட்கலாம். கேட்டால் நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வாரந்தோறும் மதுரைக்கு அலைய முடியாது. ஒரே ஒருமுறையாவது அவரை வீட்டுக்கு வரவழையுங்கள், போக்குவரத்துச் செலவு தனி. நம் வீடுகளில்தான் வேலையே இருக்கிறது: உயர்ந்த திண்ணை, கட்டுக்குக் கட்டு நிலைப்படி, கொல்லையில் கழிப்பறை. வருமுன் ஒவ்வொரு கதவின் அகலத்தையும் படியின் உயரத்தையும் அளந்து வையுங்கள். முகப்புக் கதவு தாராளமாக இருக்கும். உள்கதவில்தான் சக்கர நாற்காலி மாட்டும். சரிவுப்பாதைக்குக் கணக்கு 1க்கு 12: 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். ஆசாரி ‘இடம் இல்லை’ என்று பாதியாகக் குறுக்கினால் தள்ளுபவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. செதுக்கிய தேக்கு நிலையை வெட்டவேண்டியதில்லை, எடுத்து வைக்கும் பலகைச் சரிவே போதும்.

ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கு எண்ணெய் போட்டு வழுக்கும்படி துடைக்கும் வழக்கத்தை, ஆச்சி நடமாடும் வழியில் மட்டுமாவது நிறுத்துங்கள்.