தேர்தலை ஆவணப்படுத்தும்போது பின்னணி எவ்வளவு வேண்டும்? புதுச்சேரியிலும் கடலூரிலும் நேரும் தவறுகள்

தேர்தல் ஒன்றைப் பதிவு செய்ய முனைபவர் பெரும்பாலும் முதல் பத்தியிலேயே தவறிவிடுகிறார். 2021 புதுச்சேரி சட்டமன்றத் தேர்தலைப் பற்றிய குறிப்பு, பிரெஞ்சுக்காரர் கப்பலில் வந்திறங்கியதில் தொடங்கி, 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்ததையும், 1962 ஆகஸ்ட் 16இல் இணைப்பு சட்டப்படி முழுமை பெற்றதையும் கடந்து வாக்குப்பதிவு நாளை எட்டும்போது, படிப்பவர் களைத்துப்போயிருப்பார். இவை உண்மையான செய்திகளே என்றாலும், 2021இன் எந்த எண்ணையும் இவை விளக்குவதில்லை. (கீழூரில் வாக்களித்தவர்கள் பொதுமக்கள் அல்லர், ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். பல பக்கம் வரலாறு எழுதுபவர்கள்கூட இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள்.)

நான் கடைப்பிடிக்கும் சோதனை எளியது. ஒரு பின்னணிச் செய்தியை நீக்கிவிட்டால், அட்டவணையில் உள்ள எண்ணை வெளியூர்க்காரர் தவறாகப் படிப்பாரா என்று பார்க்கிறேன்; தவறாகப் படிப்பார் என்றால் மட்டுமே அதை வைத்துக்கொள்கிறேன்.

இதற்கு நேரெதிரான தவறு, உள்ளூரில் எல்லாருக்கும் தெரிந்தது என்பதற்காக ஒன்றை எழுதாமல் விடுவது. இதன் தீங்கு இன்னும் பெரிது. 2021 தேர்தலில் என்.ஆர். காங்கிரஸ் 10, பா.ஜ.க. 6, தி.மு.க. 6, காங்கிரஸ் 2, சுயேச்சைகள் 6 என 30 இடங்கள் நிரம்பின. இதை மட்டும் படிப்பவர், 16 இடங்களுடன் என்.ஆர். காங்கிரஸ், பா.ஜ.க. கூட்டணி மயிரிழையில் பெரும்பான்மை பெற்றது என்று முடிவு செய்வார். ஆனால் புதுச்சேரிப் பேரவையில் மத்திய அரசு 3 உறுப்பினர்கள் வரை நியமிக்கலாம் என்பதும், அத்தகைய நியமனம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது என்பதும் தெரியாமல் அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள இயலாது. தேர்தலுக்குப் பின் பா.ஜ.க.வைச் சேர்ந்த மூவர் நியமிக்கப்பட்டதும் அவையின் எண்ணிக்கை 33 ஆயிற்று, பெரும்பான்மைக்கு 17 தேவைப்பட்டது, ஆளும் தரப்பின் பலமோ 19 ஆனது. இதை எழுதும்போதும் ஒரு கவனம் வேண்டும்: நியமன உறுப்பினர்களைத் தேர்தல் முடிவு அட்டவணைக்குள் சேர்க்கக் கூடாது, ஏனெனில் அவர்கள் ஒரு வாக்கும் பெறாமல், வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு வந்தவர்கள்.

அவ்வாறே, அதே தேர்தலில் என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமி ஏனாமில் தோற்றார் என்று மட்டும் எழுதினால், அவர் தட்டாஞ்சாவடியிலும் நின்று வென்றார் என்பது மறைந்துபோகும். ஏனாம் ஆந்திரக் கடலோரத்தில் தெலுங்கு பேசும் பகுதி என்பதற்கு அரை வரி போதும். அவ்வூரின் முழு வரலாறு அங்கே தேவையில்லை.

பெயர்களில் நேரும் குழப்பத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. புதுச்சேரி என்பது நகரமா, 23 தொகுதிகள் கொண்ட வட்டாரமா, காரைக்கால், மாகே, ஏனாமையும் சேர்த்த ஒன்றியப் பகுதியா என்பதை ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும். கடலூரிலும் இதே சிக்கல் உண்டு. கடலூர் மாவட்டத்தில் 9 சட்டமன்றத் தொகுதிகள் இருக்க, கடலூர் மக்களவைத் தொகுதியில் 6 மட்டுமே அடங்கும். சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் ஆகியவை சிதம்பரம் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தவை. "கடலூரில் வாக்கு குறைந்தது" என்ற வாக்கியம் இவற்றில் எதைக் குறிக்கிறது என்று எழுதியவருக்கே சில மாதங்களில் மறந்துவிடும்.

பழைய முடிவுகளோடு ஒப்பிடும்போது, 2008 தொகுதி மறுவரையறையைக் குறிப்பிடாமல் விடுவது ஒப்பீட்டையே பொய்யாக்கும். கடலூர் மாவட்டத்தில் 2006இல் இருந்த நெல்லிக்குப்பம் தொகுதி 2011இல் இல்லை. நெய்வேலி தொகுதி அப்போதுதான் முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலைக் கண்டது. பெயர் மாறாத தொகுதிகளிலும் எல்லை மாறியிருக்கலாம் என்பதால், எத்தனை விழுக்காடு கூடியது, குறைந்தது என்று எழுதும் முன் எல்லைகளை ஒத்துப்பார்க்க வேண்டும்.

காரணம் கற்பிப்பதையும் பின்னணி என்று சிலர் நினைக்கிறார்கள். காசு கொடுத்தார்கள் என்று தேநீர்க் கடையில் எல்லாரும் சொல்வது ஆவணத்துக்குப் போதாது. முறையான புகாரோ வழக்கோ இருந்தால் அதன் நாளையும் நிலையையும் குறித்து, தீர்ப்பு வரவில்லை என்றால் அதையும் எழுத வேண்டும். எதுவும் கிடைக்காதபோது, வெற்றிக்கான காரணம் என்ற தலைப்பையே நான் எடுத்துவிடுகிறேன்.