பெருவிரல் மூட்டு புடைத்து வலிக்கிறதா? வேலைக்கு ஷூ வாங்கும்போது

பெருவிரல் அடிமூட்டு பக்கவாட்டில் புடைத்திருப்பவர்கள் பலர், வலி தாங்காமல் ஒரு சைஸ் பெரிய ஷூ வாங்கிவிடுகிறார்கள். அது உதவாது. நீளம் கூடினால் குதிகால் கழன்று, பாதம் முன்னே சறுக்கி, புடைப்பு இன்னும் உரசும். தேவை அகலம்தான்.

மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது அளவெடுங்கள். தாளின்மேல் எழுந்து நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் வரையுங்கள். கடையில் ஷூவின் இன்சோலை (உள்ளே பாதத்தின் கீழ் இருக்கும் தகட்டை) உருவி அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்த ஷூ வேண்டவே வேண்டாம். நீண்ட விரலுக்கு முன்னால் 1 செ.மீ. இடம் இருக்கட்டும், குதி உயரம் 3 செ.மீ. தாண்ட வேண்டாம். உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள்: புடைப்பு படும் இடத்தில் தையல் தட்டுப்படக் கூடாது.

லேஸ் வைத்த ஷூ நல்லது. புடைப்புக்கு நேரே உள்ள துளையை விட்டுவிட்டுக் கோத்தால் அழுத்தம் குறையும். புடைப்பின்மேல் வைக்கும் ஜெல் பட்டையும் இடத்தை அடைக்கும் என்பதால், இறுக்கமான ஷூவில் வைத்தால் வலி கூடத்தான் செய்யும். விரலிடுக்கில் வைக்கும் சிலிகான் துண்டு உரசலைக் குறைக்கும், எலும்பை நேராக்காது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் புடைப்பின்மேல் தோல் சிவந்தாலே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.